ஜீரோ ரோஸ் வந்தா நம்பலாமா? டோக்கன் ஆடிட் கியூரியில பிழை பிடிக்கிற வழி

போன மாசம் ஒரு ராத்திரி, பத்தரை இருக்கும், ஹட்டன்ல மழை விடாம பெய்யுது, பண்டாரவளையில இருக்கிற எங்க டீம் தம்பி கோல் எடுத்தாரு. "அக்கா, கியூரி ஓட்டிட்டேன், ஜீரோ ரோஸ். 90 நாளுக்கு மேல உயிரோட இருக்கப்போற டோக்கன் ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட்ட அனுப்பிடவா?" டோக்கன்ங்கிறது, பாஸ்வேர்ட் மாதிரி ரகசியத்த எல்லாம் பூட்டி வைக்கிற சீக்ரெட் மேனேஜர்ங்கிற மென்பொருளுக்குள்ள போறதுக்கு குடுக்கிற சாவி, கியூரிங்கிறது டேபிள்கிட்ட கேட்கிற கேள்வி, ரோன்னா பதில்ல வர்ற ஒரு வரி. கொஞ்சம் பொறுங்க தம்பின்னு சொல்லிட்டு நானும் ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் அதே ஜீரோ தான். வேர் கண்டிஷன, அதாவது எந்த ரோ வேணும்னு வடிகட்டுற பகுதிய, தூக்கிட்டு மொத்தமா பார்த்தா 11 டோக்கன் வரிசையா நிக்குது, அதுல 4 டோக்கனுக்கு முடிவு தேதியே கிடையாது, யாராவது கையால அழிக்கிற வரைக்கும் அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். கியூரி எங்க கண்ணுல காட்டாம விட்டது சரியா அந்த நாலைத்தான்.

இந்த மாதிரி இடத்துல மாட்டிக்கிட்டவங்களுக்காக, வரக்கூடிய அறிகுறி ஒவ்வொண்ணா எடுத்து எழுதுறேன். கியூரிய எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.

முதல்ல நான் வச்சிருக்கிற செட்டப்ப சொல்லிடுறேன். ஸ்டீம்பைப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல், 2021ல வந்தது, உள்ளுக்குள்ள இருக்கிறது போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் தான், சேர்விஸா ஓட விட்டா 9193ங்கிற போர்ட்ல நிக்கும், நாம செலக்ட் அடிச்சதும் அது போய் சீக்ரெட் மேனேஜரோட ஏபிஐய (வேற ப்ரோக்ராம் வந்து கேள்வி கேட்கிற வாசல்) கூப்பிட்டு பதில டேபிள் மாதிரி கொண்டு வந்து குடுக்கும். டொப்ளர்ங்கிற சீக்ரெட் மேனேஜர யூஸ் பண்றவங்களுக்கு டொப்ளர் ப்ளகின் இருக்கு, அதுல சேர்விஸ் டோக்கன், கன்ஃபிக் (ரகசியங்கள சேர்த்து வைக்கிற தொகுதி), ஆக்டிவிட்டி லொக் (யார் என்ன செஞ்சாங்கங்கிற பதிவு) எல்லாத்துக்கும் தனித்தனி டேபிள். ஹாஷிகோர்ப் வோல்ட்ங்கிற இன்னொரு சீக்ரெட் மேனேஜர் வச்சிருக்கிறவங்களுக்கு என் வழி வேற, ஆடிட் லொக் ஜேசனா வரும், அதை அப்படியே ஒரு போஸ்ட்கிரெஸ் டேபிள்ல ஏத்திட்டு கியூரி அடிக்கிறது. அமேசானோட ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜரும் இடையில வரும்.

எந்த அறிகுறியா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சிடுங்க, இதை செய்யாம கீழ போகாதீங்க. உங்க சீக்ரெட் மேனேஜர்ல ரகசியம் எதுவுமே இல்லாத ஒரு வெறும் கன்ஃபிக் உண்டாக்கி, அதுல ரெண்டு டோக்கன் போடுங்க, ரெண்டும் படிக்க மட்டும் தான். ஒண்ணுக்கு முடிவு தேதி குடுக்காதீங்க, இன்னொண்ணுக்கு ஒரு மாசம் குடுங்க. பேரு சாட்சி-1, சாட்சி-2ன்னு வைங்க, டோக்கனோட மதிப்ப எங்கயும் சேமிக்க வேணாம், திரையில வந்ததும் மூடிடுங்க. இனிமே நீங்க எழுதுற எந்த ஆடிட் கியூரியா இருந்தாலும் இந்த சாட்சியில எது வரணும், எது வரக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். வரவேண்டிய சாட்சி வரலைன்னா கியூரி பொய் சொல்லுது, அவ்வளவு தான். ஜீரோ ரோஸுக்கு ஏழெட்டு காரணம் இருக்கலாம், அதுல ஒண்ணே ஒண்ணு தான் உண்மையிலேயே ஒண்ணும் இல்லங்கிறது, மத்ததை எல்லாம் சாட்சி இல்லாம கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: வேர் கண்டிஷனே இல்லாமலும் ஒண்ணும் வரல, இல்லன்னா ரொம்ப கொஞ்சமா வருது

இதுல கியூரிய திட்டாதீங்க, நீங்க எந்த சாவிய வச்சு உள்ள போறீங்கன்னு பாருங்க. டொப்ளர்ல சேர்விஸ் டோக்கன்ங்கிறது ஒரு புரொஜெக்ட்ல ஒரே ஒரு கன்ஃபிக்க படிக்கிறதுக்கு குடுக்கிறது, அதை கனெக்ஷன் ஃபைல்ல போட்டுட்டு மொத்த டோக்கன் பட்டியல கேட்டா எப்படி வரும். டோக்கன் எந்த வகைன்னு அதோட தலைய பார்த்தாலே தெரியும், டிபி புள்ளி எஸ்டின்னு தொடங்குனா சேர்விஸ் டோக்கன், டிபி புள்ளி பிடின்னா தனி ஆளோட டோக்கன். ஆடிட்டுக்கு பட்டியல் பார்க்கிற உரிமை இருக்கிற டோக்கன் வேணும், எழுதுற உரிமை அதுக்கு தேவையில்ல, குடுக்கவும் கூடாது.

சாவி சரின்னா அடுத்தது கனெக்ஷன். கனெக்ஷன் ஃபைல்ல ஒரு புரொஜெக்ட் பேர மட்டும் குடுத்திருந்தீங்கன்னா அந்த புரொஜெக்ட் மட்டும் தான் வரும், மத்த அஞ்சு புரொஜெக்ட்டும் அங்க இருக்குங்கிறதே ஸ்டீம்பைப்புக்கு தெரியாது. ஒவ்வொரு புரொஜெக்ட்டுக்கும் ஒரு கனெக்ஷன் எழுதிட்டு எல்லாத்தையும் அக்ரிகேட்டர் வகை கனெக்ஷன் ஒண்ணுல சேர்த்துடுங்க, அப்புறம் ஒரே செலக்ட்ல எல்லாம் வரும். சாட்சி டோக்கன ஒரு புரொஜெக்ட்ல மட்டும் போடாம ஒவ்வொரு புரொஜெக்ட்லயும் ஒண்ணு போடுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

எரர் நம்பர் நாலு நூத்து மூணு வந்தா உரிமை இல்ல, நாலு நூத்து இருபத்தொன்பது வந்தா ரொம்ப வேகமா கேட்டுட்டீங்க, கொஞ்சம் விட்டு கேளுங்க. எரர் வந்தா நல்லது தான், எரர் வராம அமைதியா கம்மியா வர்றது தான் ஆபத்து.

அறிகுறி: மொத்தமா பார்த்தா இருக்கு, தேதி கண்டிஷன் போட்டதும் காணாம போகுது

அந்த ராத்திரி எங்களுக்கு நடந்தது இது. தம்பி எழுதுன கியூரி இப்படி:

செலக்ட் நேம், கன்ஃபிக், எக்ஸ்பயர்ஸ்_அட் ஃப்ரம் டொப்ளர்_சேர்விஸ்_டோக்கன் வேர் எக்ஸ்பயர்ஸ்_அட் > நவ்() + இன்டர்வல் '90 டேஸ்'

படிக்கும்போது சரியாத்தான் இருக்கு. ஆனா முடிவு தேதி குடுக்காத டோக்கனுக்கு அந்த கொலத்துல இருக்கிறது நல், வெறும் இடம். இந்த நல்-ஐ எதோட ஒப்பிட்டாலும் ஆமான்னும் வராது இல்லன்னும் வராது, தெரியாதுன்னு தான் வரும், தெரியாதுன்னு வந்த ரோவ வேர் வெளிய தள்ளிடும். நாம தேடுறது ரொம்ப நாள் உயிரோட இருக்கிற டோக்கன, அதுல ரொம்ப ரொம்ப நாள் இருக்கப்போறது முடிவே இல்லாதது, அதைத்தான் கியூரி முதல்ல கழிச்சுக் கட்டுது. சரி பண்றது சுலபம்:

வேர் எக்ஸ்பயர்ஸ்_அட் ஈஸ் நல் ஓர் எக்ஸ்பயர்ஸ்_அட் > நவ்() + இன்டர்வல் '90 டேஸ்'

இதை ஓட்டினதும் நாலும் வந்துச்சு, கூட அதுக்குள்ள நாங்க போட்டிருந்த சாட்சி-1ம் வந்துச்சு, மொத்தம் அஞ்சு. நாலுல ஒண்ணோட பேரு டெஸ்ட், ப்ரொடக்ஷன் கன்ஃபிக்ல இருக்கு, படிக்கவும் எழுதவும் உரிமை, முடிவு தேதி கொலம் வெறுமையா கிடக்கு. போன் ஸ்பீக்கர்ல ரெண்டு பேரும் அந்த ஒரு ரோவ பார்த்துக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இதே நல் வேற உருவத்துலயும் வரும். போஸ்ட்கிரெஸ்ல சின்னதுல இருந்து பெருசுக்கு ஆர்டர் பை போட்டா நல் எல்லாம் கடைசிக்கு போயிடும், அதோட லிமிட் 20ம் போட்டிருந்தீங்கன்னா அதை நீங்க பார்க்கவே மாட்டீங்க. மைஎஸ்கியூஎல்லயும் எஸ்கியூலைட்லயும் இது தலைகீழ், அங்க நல் முன்னாடி வரும், அதனால ஒரு இடத்துல பழகுன கை இன்னொரு இடத்துல ஏமாந்துடும். நல்ஸ் ஃபர்ஸ்ட்னு கையால எழுதிடுறது தான் போஸ்ட்கிரெஸ்ல நல்லது.

வோல்ட்ல இன்னும் ஒரு படி மேல. அங்க எல்லா உரிமையும் இருக்கிற ரூட் டோக்கன் மாதிரி முடிவே இல்லாத டோக்கனோட விவரத்த கேட்டா, மிச்சம் இருக்கிற ஆயுளுங்கிற இடத்துல 0ன்னு வரும், நல் இல்ல, பூஜ்ஜியம். அந்த நம்பர டேபிள்ல ஏத்திட்டு எது ரொம்ப நாள் இருக்கும்னு பெரிய நம்பரா தேடினா ரூட் டோக்கன் எல்லாத்துக்கும் கீழ போய் உட்கார்ந்துக்கும், பார்க்கிறவங்க அது செத்துப்போன டோக்கன்னு நினைச்சுக்குவாங்க. வோல்ட்ல நீங்க எதையும் மாத்தலைன்னா சாதாரண டோக்கனோட உச்ச ஆயுள் 768 மணித்தியாலம், அதாவது 32 நாள், செக்கன் கணக்குல 2764800. அதைவிட பெருசும் தேடணும், 0வும் தேடணும், ரெண்டையும் ஒரே கியூரியில.

அறிகுறி: வேலைய விட்டு போனவங்க டோக்கன தேடுறேன், எப்பவும் ஜீரோ

இதை எழுதும்போது எனக்கு இன்னமும் வயித்துல ஒரு மாதிரி இருக்கும்.

நான் முன்னாடி வேலை செஞ்ச ஒரு இடத்துல, இப்ப வேலையில இருக்கிற ஸ்டாஃப் பட்டியல் ஒரு டேபிள்ல இருந்துச்சு, டோக்கனும் அதை உண்டாக்குனவங்க ஈமெயிலும் இன்னொரு டேபிள்ல. கியூரி சிம்பிள், உண்டாக்குனவர் ஈமெயில் நாட் இன் ஸ்டாஃப் ஈமெயில். மூணு மாசம் தொடர்ந்து ஜீரோ வந்துச்சு, மூணு மாசமும் நான் தான் க்ளீன்னு எழுதி கையெழுத்து போட்டேன். ஸ்டாஃப் டேபிள்ல புதுசா சேர்ந்த ஒரு ட்ரெய்னிக்கு ஈமெயில் இன்னும் போடல, அந்த ஒரு கட்டம் நல். நாட் இன் குடுத்த பட்டியல்ல ஒரே ஒரு நல் இருந்தாலும் போதும், எந்த ரோவுக்கும் ஆமான்னு வராது, மொத்த கியூரியும் ஜீரோ ஆயிடும். எரர் வராது, வோர்னிங் வராது.

அதுக்கு பின்னால ஒளிஞ்சிருந்தது என்ன தெரியுமா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விட்டுப் போனவர் ஒருத்தரோட டோக்கன், அது படிச்சுக்கிட்டு இருந்தது தோட்டத்து ஆட்களோட சம்பளக் கணக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்ட. அவர் கெட்டது எதுவும் செய்யல, பழைய ஸ்க்ரிப்ட் ஒண்ணு எங்கயோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவு தான். ஆனா செய்யணும்னு நினைச்சிருந்தா மூணு மாசமும் நான் க்ளீன்னு சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்.

நாட் இன்ன விட்டுடுங்க, நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்க:

வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ் ( செலக்ட் 1 ஃப்ரம் ஸ்டாஃப் எஸ் வேர் லோவர்(ட்ரிம்(எஸ்.ஈமெயில்)) = லோவர்(ட்ரிம்(டி.ஈமெயில்)) )

லோவரும் ட்ரிம்மும் ஏன்னா, கையால அடிச்ச பட்டியல்ல பேருக்கு பின்னால ஒரு ஸ்பேஸ் இருக்கும், ஒருத்தர் பெரிய எழுத்துல தொடங்கியிருப்பார், அப்ப வேலையில இருக்கிறவங்களும் போனவங்க மாதிரி வருவாங்க. அது பரவாயில்ல, அதிகமா வந்தா உட்கார்ந்து கழிச்சுக்கலாம்.

லெஃப்ட் ஜொயின் (இடது டேபிள்ல இருக்கிறது எல்லாம், ஜோடி இல்லாட்டியும் வர்ற மாதிரி சேர்க்கிறது) பிடிக்கிறவங்க ஒண்ண கவனிங்க. லெஃப்ட் ஜொயின் போட்டுட்டு வலது பக்க டேபிளோட கொலத்துக்கு வேர்ல கண்டிஷன் போட்டா, உதாரணமா எஸ்.நிலை = 'வேலையில்', அது சத்தமில்லாம சாதாரண ஜொயினா மாறிடும், ஜோடி இல்லாத ரோ எல்லாம் போயிடும். கண்டிஷன வேர்ல இருந்து எடுத்து, ஜொயினுக்கு பின்னால வர்ற ஓன்ங்கிற பகுதிக்கு கொண்டு போங்க.

இதுல எங்கம்மா கிட்ட இருந்து கத்துக்கிட்ட ஒரு விஷயம் இருக்கு. அம்மா டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துல 20 வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. எழுதப் படிக்க பெருசா தெரியாது, ஆனா நம்பர் எழுதுவாங்க. ஒரு 40 பக்க எக்ஸர்சைஸ் கொப்பி, பென்சில், ஒவ்வொரு நாளும் தராசுல எத்தனை கிலோன்னு, அன்னைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமான்னு, வீட்டுக்கு வந்ததும் அடுப்ப பத்த வைக்கிறதுக்கு முன்னாடி எழுதிடுவாங்க. சம்பள துண்டு வந்த அன்னைக்கு என்னைய பக்கத்துல உட்கார வச்சு ரெண்டையும் ஒவ்வொரு நாளா வாசிக்க சொல்லுவாங்க. கொப்பியில இருந்து துண்டு பக்கம் ஒரு தடவை, துண்டுல இருந்து கொப்பி பக்கம் இன்னொரு தடவை. ஏன் ரெண்டு தடவைன்னு கேட்டா, ஒரு பக்கம் மட்டும் பார்த்தா விட்டுப் போனது தெரியாது புள்ளன்னு சொல்லுவாங்க.

அது ஃபுல் அவுட்டர் ஜொயின், ரெண்டு பக்கத்துலயும் ஜோடி இல்லாததும் சேர்ந்து வரும். டோக்கன் பட்டியல் ஒரு பக்கம், யூஸ் பண்ணுன லொக் மறுபக்கம். பட்டியல்ல இருக்கு லொக்ல இல்லன்னா யாரும் தொடாத டோக்கன், அழிக்கலாம். லொக்ல இருக்கு பட்டியல்ல இல்லன்னா, ஏற்கனவே அழிச்சதா இருக்கலாம், உங்க கண்ணுக்கு தெரியாத புரொஜெக்ட்ல இருக்கிறதா இருக்கலாம், அதை அன்னைக்கே எழும்பி தேடணும். பட்டியல்ல இருந்து மட்டும் ஜொயின் பண்றவங்களுக்கு இந்த ரெண்டாவது வகை எப்பவுமே தெரியாது.

அறிகுறி: யாரோ விடியக்காலையில ரகசியத்த படிச்சிருக்காங்க, இல்லன்னா மாசக் கடைசி நாள் லொக் காணோம்

பயப்படுறதுக்கு முன்னாடி நேரத்த பாருங்க. வோல்ட் லொக்கும், ஏடபிள்யூஎஸ்ஸோட கிளவுட்ட்ரெயில் லொக்கும் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல தான் எழுதுது, நாம அதுக்கு 5:30 மணித்தியாலம் முன்னால. லொக்ல 03:40ன்னு இருந்தா இங்க காலை 9:10, ஒஃபிஸ் திறந்து வேலை தொடங்குன நேரம், சாதாரணம். ஆனா லொக்ல 21:45ன்னு பார்த்துட்டு ராத்திரி வேலை முடிச்சிட்டு யாரோ பார்த்திருக்காங்கன்னு விட்டுடாதீங்க, அது இங்க மறுநாள் விடியக்காலை 3:15. முதலாவதுக்கு பதறுறவங்க நிறைய பேர், ரெண்டாவது தான் யாரும் தொடாம போயிடும்.

கொலம் டைம் ஸோனோட சேர்ந்த டைம்ஸ்டாம்ப்னா அட் டைம் ஸோன் 'ஏசியா/கொழும்பு'ன்னு ஒரு தடவை போட்டா போதும். ஸோன் இல்லாத வெறும் டைம்ஸ்டாம்ப்பா ஏத்தியிருந்தா முதல்ல அட் டைம் ஸோன் 'யூடிசி', அப்புறம் அட் டைம் ஸோன் 'ஏசியா/கொழும்பு', ரெண்டையும் போடணும், ரெண்டாவத மட்டும் போட்டா எதிர் பக்கம் 5:30 மணித்தியாலம் தள்ளிப் போயிடும். கையால 5:30ன்னு கூட்டாம ஊர் பேர குடுங்கன்னு நான் வற்புறுத்துறதுக்கு காரணம் இருக்கு, 2006 ஏப்ரல் வரைக்கும் நம்ம நாட்டு நேரம் 6 மணித்தியாலம் முன்னால தான் இருந்துச்சு, அதுக்கு அப்புறம் தான் 5:30க்கு திரும்ப வந்தது, ஊர் பேர குடுத்தா அது எல்லாம் போஸ்ட்கிரெஸுக்கு தெரியும்.

மாசக் கடைசி காணாம போறது பிட்வீன் செய்ற வேலை. மார்ச் 1ல இருந்து மார்ச் 31 வரைன்னு எழுதினா 31ம் திகதி நள்ளிரவு 12 மணியோட முடிஞ்சிடும், அந்த நாள் பூரா வெளிய. மார்ச் 1க்கு சமம் அல்லது மேல, ஏப்ரல் 1க்கு கீழன்னு எழுதுங்க.

ஏடபிள்யூஎஸ் பக்கம் ஒரு சிக்கல். சீக்ரெட்ஸ் மேனேஜர் கடைசியா எப்ப படிச்சாங்கன்னு ஒரு கொலம் குடுக்கும், அதுல நாள் மட்டும் தான் இருக்கும், மணி இருக்காது, நேரம் நள்ளிரவுன்னு காட்டினா நள்ளிரவுல படிச்சாங்கன்னு அர்த்தமில்ல. ஒரு தடவையும் படிக்கலைன்னா அந்த இடம் காலியா இருக்கும், அதனால மேல சொன்ன நல் கதை இங்கயும் உண்டு. மணி நிமிஷம் வேணும்னா கிளவுட்ட்ரெயில் தான், அதோட ஈவன்ட் ஹிஸ்டரி 90 நாள் தான் பின்னால போகும், அதுக்கு மேல வேணும்னா முன்கூட்டியே ட்ரெயில் ஒண்ணு போட்டு சேமிச்சிருக்கணும். அது செய்யாம 6 மாசத்துக்கு முன்னாடி நடந்தத கேட்டு ஜீரோ வந்தா அது பதிலே இல்ல.

அறிகுறி: வோல்ட் ஆடிட் லொக்ல டோக்கன தேடினா கிடைக்கல, எண்ணிக்கை வேற ரெண்டு மடங்கா வருது

வோல்ட் ஆடிட் லொக்ல டோக்கன அப்படியே எழுதாது, எச்மேக் ஷா256 போட்டு ஹேஷா, அதாவது திருப்பி படிக்க முடியாத குறியீடா தான் எழுதும், டோக்கனோட அக்செசரும் (டோக்கன காட்டாம அதை குறிக்கிற அடையாளம்) அப்படித்தான், நீங்க மாத்தலைன்னா. அதனால கையில இருக்கிற அக்செசர வேர்ல போட்டு தேடினா கிடைக்காது. வோல்ட்லயே ஆடிட் ஹேஷ்னு ஒரு ஏபிஐ இருக்கு, அதுக்கு அக்செசர குடுத்தா அந்த ஆடிட் டிவைஸுக்கான (வோல்ட் லொக் எழுதுற இடம்) ஹேஷ திருப்பி குடுக்கும், அதை வச்சு லொக் டேபிள்ல தேடுங்க. ஆடிட் டிவைஸ் ரெண்டு வச்சிருந்தா ரெண்டுக்கும் உப்பு (ஹேஷ் போடும்போது கூட கலக்கிற ரகசியம்) வேற வேற, ஒண்ணோட ஹேஷ் இன்னொண்ணோட லொக்ல கிடைக்காது, இதுல நான் ஒரு முழு பின்னேரத்த தொலைச்சிருக்கேன்.

எண்ணிக்கை ரெண்டு மடங்கா வர்றது, ஒவ்வொரு வேலைக்கும் கேட்டதுக்கு ஒரு வரி, பதிலுக்கு ஒரு வரின்னு ரெண்டு எழுதுறதால. டைப் = 'ரெஸ்போன்ஸ்'னு போட்டு எண்ணுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஆடிட் டிவைஸ் போட்டிருந்து எதுலயும் எழுத முடியலைன்னா வோல்ட் வேலையையே நிப்பாட்டிடும், டிஸ்க் நிறைஞ்சா அப்ளிகேஷன் எல்லாம் விழும். லொக்ல ஒரு நேரத்துல திடீர்னு வெறுமை தெரிஞ்சா, யாரோ அழிச்சிட்டாங்கன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த நேரம் சேர்வர் டிஸ்க் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க.

அறிகுறி: டோக்கன அழிச்சிட்டேன், இன்னும் கியூரியில வருது

ஸ்டீம்பைப் பதில கேஷ் மெமரியில வச்சிருக்கும், நீங்க மாத்தலைன்னா 300 செக்கன், அஞ்சு நிமிஷம். டொட் கேஷ் கிளியர்னு அடிச்சிட்டு திரும்ப கேளுங்க. இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் இதுக்கு பின்னால இருக்கு. டோக்கன அழிச்சா இனிமே புதுசா படிக்க முடியாது, ஏற்கனவே படிச்சத அது மறக்க வைக்காது. அந்த டோக்கன் வச்சு ஒருத்தர் போன வாரம் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட எடுத்திருந்தா அந்த பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்யுது. அதனால சந்தேகமான டோக்கன அழிச்ச கையோட, அது எந்தெந்த ரகசியத்த படிச்சுதுன்னு லொக்ல டிஸ்டிங்க்ட் (ஒவ்வொரு பேரும் ஒரு தடவை மட்டும்) போட்டு எடுத்து, அந்த ஒவ்வொண்ணையும் மாத்தணும். டோக்கன் அழிச்சாச்சுன்னு டிக்கெட்ட மூடுறவங்க கிட்ட நான் கோபமாவே பேசியிருக்கேன், அதுல எனக்கு வருத்தம் இல்ல.

வோல்ட்ல எதிர்ப்பக்க பிரச்சினையும் வரும், ஒரு டோக்கன அழிச்சதும் சம்பந்தமே இல்லாத மூணு சேர்விஸ் விழுந்துடும். தாய் டோக்கன அழிச்சா அதுல இருந்து பிறந்த பிள்ளை டோக்கன் எல்லாம் சேர்ந்து அழியும், ஓர்ஃபன்னு, அதாவது தாய் இல்லாததா, உண்டாக்குனது மட்டும் தப்பும். அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த டோக்கன வச்சு லொக்ல புது டோக்கன் உண்டாக்கியிருக்கான்னு ஒரு செலக்ட் போட்டுடுங்க.

அறிகுறி: கியூரி நல்லா வருது, ஆனா திரையில ரகசியமே தெரியுது

செலக்ட் ஸ்டார். ரகசியம் இருக்கிற டேபிள்ல ஸ்டார் போட்டா மதிப்பு கொலமும் சேர்ந்து வரும், அதை சிஎஸ்வியா எடுத்து ஈமெயில்ல அனுப்புனவங்கள எனக்கு தெரியும். கொலம் பேர ஒவ்வொண்ணா எழுதுங்க. டோக்கன் மதிப்ப வேர்ல ஒட்டி தேடவும் கூடாது, போஸ்ட்கிரெஸுக்கு கியூரி அடிக்கிற பிஎஸ்கியூஎல்ங்கிற டூல், அடிச்ச கியூரிய எல்லாம் ஹிஸ்டரி ஃபைல்ல எழுதி வைக்கும், அதுல அந்த டோக்கன் முழுசா கிடக்கும். அப்படி ஏற்கனவே செஞ்சிருந்தா அந்த டோக்கன வெளிய போனதா கணக்குல எடுத்து மாத்திடுங்க.

அறிகுறி: நேத்து பார்த்த டோக்கன் இன்னைக்கு இல்ல, யார் அழிச்சது

ஸ்டீம்பைப் இப்ப இருக்கிறத மட்டும் தான் காட்டும், நேத்தைய நிலைய அது வச்சிருக்காது. ஒருத்தர் காலையில டோக்கன் உண்டாக்கி, எடுக்க வேண்டியத எடுத்துட்டு, பின்னேரம் அழிச்சிட்டா ராத்திரி ஓடுற கியூரிக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்கு ஆக்டிவிட்டி லொக் தான் துணை, ஆனா லொக்குல ஒவ்வொரு வரியா தேடுறத விட நாமளே ஒரு கொப்பி வச்சிருந்தா எங்க தேடணும்னு தெரியும்.

உங்க சொந்த போஸ்ட்கிரெஸ்ல ஒரு டேபிள் போடுங்க, எடுத்த நாள், புரொஜெக்ட், கன்ஃபிக், டோக்கன் பேர், அடையாளம், உரிமை, முடிவு தேதி, இவ்வளவு போதும், மதிப்பு எதுவும் வேணாம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பட்டியல எடுத்து அதுல போடுங்க. அப்புறம் நேத்தைய பட்டியல் எக்ஸெப்ட் இன்னைக்குப் பட்டியல் (முதலாவதுல இருந்து ரெண்டாவதுல இருக்கிறத கழிக்கிறது), அது காணாம போனது. திருப்பி போட்டா புதுசா வந்தது. அம்மா சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும். ஒப்பிடும்போது எடுத்த நாள் கொலத்த மட்டும் விட்டுடுங்க, அது சேர்ந்தா எல்லா ரோவும் வித்தியாசமா தான் வரும்.

இங்க கரண்ட் போறதும் மழைக்கு லைன் அறுந்து போறதும் புதுசில்ல, பட்டியல் பாதியில நின்னா அடுத்த நாள் ஒப்பீட்டுல பாதி டோக்கன் அழிஞ்ச மாதிரி வரும், அதைப் பார்த்து ஒரு தடவை தம்பி விடிய விடிய முழிச்சிருந்தாரு. பிகின், கொமிட் ரெண்டுக்கும் நடுவுல இன்சர்ட்ட போடுங்க, முழுசா வந்தா நிக்கும், இல்லன்னா எதுவும் பதியாது. கொமிட்டுக்கு முன்னாடி சாட்சி டோக்கன் ஒவ்வொரு புரொஜெக்ட்டுக்கும் வந்திருக்கான்னு கவுண்ட் பண்ணி, ஒண்ணு குறைஞ்சாலும் ரோல்பேக் பண்ணுங்க.

எங்க சேர்வர் யூடிசியில ஓடுது, முதல் பட்டியல் அங்க 00:00க்கு எடுக்குது, இங்க விடியக்காலை 5:30. அந்த நாலு டோக்கன்ல மூணு மறுநாளே போயிடுச்சு, டெஸ்ட்ங்கிறது மட்டும் யாரோடதுன்னு தெரிய அஞ்சு நாள் எடுத்துச்சு. ஆறாவது நாள் காலையில எக்ஸெப்ட்ல அந்த ஒரு ரோ காணாம போனதுல வந்து நின்னுச்சு, தம்பி அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருந்தாரு, கீழ சாட்சி ரெண்டும் இருக்கு அக்கான்னு ஒரு வரி.